புக்கை தின்ற வெள்ளச்சி

பட்டிப்பொங்கலுக்கு மறுநாள், விடியச் சாமம் நாலரைக்கு மருமகனுடைய போன்.

“மாமி, வெள்ளச்சி எழும்புதில்ல. பல்ல நெருமிக்கிட்டுக் கிடக்கு.”

“நேத்து என்ன மகன் குடுத்த நீங்க?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “புள்ளையள் ஆசைக்குப் பொங்கல் புக்கை குடுத்ததுகள். பின்னேரம் கோயில்ல மிஞ்சின சோறும் ஒரு வாளி கிடந்திச்சு…”

ஆயித்தியமலையில் இருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் நான் போய்ச் சேர நன்றாக விடிந்துவிட்டது. வெள்ளச்சி இரண்டாம் ஈற்றுப் பசு, ஜேர்சிக் கலப்பு. இடப்பக்க வயிற்றை முட்டிக்கையால் தள்ளிப் பார்த்தேன். தண்ணீர் நிரப்பிய தோல்பை போல உள்ளே சளக்கென்றது. சாணி சாம்பல் நிறம், கஞ்சிப் பதம், புளித்த வாடை. கண் குழிக்குள் போயிருந்தது. எட்டு மணிக்கு மிருக வைத்தியர் வந்து நரம்பில் மருந்தேற்றினார். மாடு பிழைத்தது. ஆனால் ஆறு லீற்றர் கறந்த மாடு ஒன்றரைக்கு இறங்கியது. மாசி கடைசியில் முன்னங்கால் இரண்டும் நொண்டத் தொடங்கியது. குளம்புக்குள் வீக்கம், அதுவும் அந்த ஒரு வாளிச் சோற்றின் மிச்சம்தான் என்றார் வைத்தியர்.

மருமகனை நான் ஏசவில்லை. முப்பது வருடமாக மாடு வளர்க்கிற நானும் கலியாண வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்து கொட்டியவள்தான். மாட்டின் வாயை எங்களுக்குத் தெரியும், மடியைத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நடப்பதை ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. என் இளையவள் வந்தாறுமூலை பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தாள். அவள் சொல்லச் சொல்லத்தான் பல விசயங்கள் எனக்கு வெளித்தன. அவள் சொன்னதும் நான் மாட்டுக் கொட்டிலுக்குள் நின்று கண்டதுமாக மருமகனுக்கு விளங்கப்படுத்தியதை இங்கே எழுதுகிறேன்.

தயிர் முட்டி தெரிந்தவருக்கு இது தெரியும்

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். மாட்டுக்குப் புல்லைச் செமிக்கத் தெரியாது. புல்லில், வைக்கலில் உள்ள நாரை உடைக்கிற நொதியம் மாட்டின் உடம்பில் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது மாட்டின் நாலு வயிற்றில் முதலாவதும் பெரியதுமான பெருவயிற்றுக்குள் குடியிருக்கிற பற்றீரியாவும், புரோட்டோசோவா என்கிற இன்னும் கொஞ்சம் பெரிய உயிர்களும், ஒருவகைப் பங்கசும். பெருவயிற்று நீர் ஒரு மில்லிலீற்றரில் பற்றீரியா மட்டும் 1,000 கோடிக்கு மேல். இந்த உலகத்துச் சனத்தொகையே அவ்வளவு வராது. எங்கள் நாட்டு மாட்டின் பெருவயிறு முப்பது நாற்பது லீற்றர் கொள்ளும், பெரிய சீமை மாட்டுடையது நூறு லீற்றரையும் தாண்டும். கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை நாரைப் புளிக்க வைத்து சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அசெற்றிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்று மகள் பேர் சொல்வாள். வயிற்றுச் சுவர் அந்த அமிலங்களை உறிஞ்சிக்கொள்ளும். மாட்டுக்குக் கிடைக்கிற சக்தியில் ஏறக்குறைய 70 வீதம் அப்படி வருவதுதான். அதோடு முடியவில்லை. பெருகிய பற்றீரியாக்கள் புல்லோடு சேர்ந்து நாலாம் வயிற்றுக்கு இறங்கும்போது மாடு அவற்றையே செமித்துப் புரதமாக எடுத்துக்கொள்ளும். நாங்கள் பட்டி வளர்க்கிறோம். மாடு தன் வயிற்றுக்குள் இன்னொரு பட்டியை வளர்த்து, அதை மேய்த்து, கடைசியில் அதையே தின்கிறது. ஆகவே தொட்டியில் தீனை இடும்போது எந்தப் பட்டிக்கு இடுகிறோம் என்று ஒருதரம் யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் வெள்ளச்சிக்கு என்ன நடந்தது? மட்டக்களப்பில் பிறந்த ஆளுக்குத் தயிர் முட்டியை வைத்தே சொல்லிவிடலாம். பாலில் உறை விடுகிறோம், லக்டிக் அமிலப் பற்றீரியா பெருகுகிறது, பால் புளித்துத் தயிராகிறது. சோறு, புக்கை, குறுணல், நெல் எல்லாம் மாவுச்சத்து. அது மொத்தமாகப் பெருவயிற்றுக்குள் விழுந்தால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் போவிஸ் என்கிற பற்றீரியாவுக்குத் திருவிழா. இருபது நிமிடத்தில் இரட்டிக்கக்கூடிய சாதி அது. அமிலம் ஏறுகிறது. நாரைத் தின்னும் பற்றீரியாக்களுக்கு, புளிப்பு ஏற ஏற இறங்குகிற பி.எச். அளவு 6க்குக் கீழே போனால் வேலை ஓடாது, அவை ஒதுங்கிவிடும். இன்னும் இறங்கினால் புரோட்டோசோவாக்கள் சாகும். பிறகு தயிரைப் புளிக்க வைக்கிற லக்ரோபசிலசுக் கூட்டம் வந்து வயிறு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வெள்ளச்சியின் பெருவயிறு அன்று இரவு ஒரு பெரிய தயிர் முட்டியாகிவிட்டது. அந்தப் புளிப்பு உடம்பில் உள்ள தண்ணீரை எல்லாம் வயிற்றுக்குள் இழுத்ததால்தான் உள்ளே சளக்கென்றது, கண் குழிவிழுந்தது.

பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரு வாளிச் சோறு போதும். ஒரு கைப்பிடிப் புக்கையை வாழையிலையில் வைத்து, நெற்றியில் பொட்டிட்டு, மாலை போட்டுக் கொடுங்கள், சாமி கோபிக்காது. மிஞ்சின சோற்றைக் கோழிக்குப் போடுங்கள்.

மாற்றம் எல்லாம் மெதுவாக

வயிற்றுக்குள் இருக்கிற பட்டி, இட்ட தீனுக்கு ஏற்ற மாதிரி அமைகிறது. வைக்கல் தின்கிற மாட்டின் வயிற்றில் நார்ப் பற்றீரியா கூடுதல். தவிடு புண்ணாக்கு தின்கிற மாட்டில் மாவுப் பற்றீரியா கூடுதல். தீனை மாற்றினால் ஒரு கூட்டம் குறைந்து மற்றக் கூட்டம் பெருக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். நாங்கள் ஒரு நாளில் மாற்றிவிட்டு, “மாடு தின்னுதில்ல, கண்பட்டிச்சு” என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறோம்.

கறவை கூடும்போது தவிடு கூட்ட ஆசை வரும். நான் செய்வது இப்படி: இப்போது ஒரு கிலோ வைக்கிற இடத்தில் மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை கால் கிலோ கூட்டுவேன். ஒரே நேரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் வைப்பதில்லை; அதைத் தாண்டினால் காலை, மத்தியானம், பின்னேரம் என்று பிரிப்பேன். வைக்கலோ புல்லோ முதலில், தவிடு பிறகு. வெறும் வயிற்றில் தவிடு விழுந்தால் அமிலம் சடாரென ஏறும். முதலில் நார் தின்றால் மாடு அசைபோடும், அசைபோட்டால் உமிழ்நீர் ஊறும். பெரிய கறவை மாடு ஒரு நாளைக்கு நூறு லீற்றருக்கு மேல் உமிழ்நீர் விழுங்கும் என்றால் நம்புவீர்களா? அதில் இருப்பது வேறொன்றுமில்லை, நாங்கள் அப்பத்துக்குப் போடுகிற அப்பச்சோடாதான். மாடு தன் புளிப்பைத் தானே முறிக்கிற வழி அது. வைக்கலை மாப்போல அரைத்துக் கொடுக்காதீர்கள் என்பதும் இதனால்தான். மெல்ல வேலை இல்லாவிட்டால் சோடாவும் இல்லை.

பட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றம் வருடத்தில் இரண்டு முறை கட்டாயம் வரும். மாரி விதைப்பு தொடங்க மாடுகள் வயல் வட்டையை விட்டுப் போகவேண்டும். என் அண்ணனின் அறுபது மாடும் மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் போகும். அந்த மேய்ச்சல் தரைக்காகப் பட்டிக்காரர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் குந்தியது எல்லாருக்கும் தெரியும். அதை எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. மாசி பங்குனியில் வெட்டு முடிய பட்டி திரும்பி வரும். அப்போதுதான் ஆபத்து. காட்டுப் புல்லும் இலையும் தின்ற மாடு, மெசின் வெட்டிய வயலுக்குள் இறங்கினால் சிந்திக் கிடக்கிற நெல்லைப் பொறுக்கித் தின்னும். களவெட்டியில் காயப்போட்ட குவியலை ஒரு மாடு கண்டால் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் இப்போது முதல் கிழமை மாடுகளைக் காலையில் வரம்புப் புல்லில் வயிறு நிரப்பிவிட்டு, பத்து மணிக்குப் பிறகுதான் வயலுக்குள் விடுகிறார். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் திருப்பிவிடுவார். அடுத்த கிழமை நேரத்தைக் கூட்டுவார்.

மாரி மழை விழுந்து இளம் புல் முளைக்கும் காலத்துக்கும் இதே புத்திதான். அதிகாலையில் நனைந்த இளந்தளிரை, முக்கியமாக அவரைச் சாதிக் கொடிகளை, பசியோடு மேய்ந்த மாட்டுக்கு வயிறு ஊதும். காற்று நுரையாகச் சிக்கி, ஏப்பமாக வெளியே வராது. விடிய ஒரு பிடி வைக்கல் போட்டு அவிழ்த்தால் பெரும்பாலும் தப்பலாம்.

சாணியும் அசையும் சொல்லும் கதை

மாட்டின் பெருவயிற்றைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் வெளியில் இருந்தே பார்க்க நாலு வழி கிடக்கு. காலையில் பால் கறந்து முடிய ஐந்து நிமிடம் போதும்.

மாட்டின் பின்னால் நின்று இடப்பக்கம் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். தின்ற மாட்டில் அது மட்டமாக இருக்க வேண்டும். குழியாக விழுந்திருந்தால் நேற்று சரியாகத் தின்னவில்லை. இந்தப் பள்ளத்தில் முட்டிக்கையை வைத்து மெல்ல அமத்திக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். வயிறு உங்கள் கையை இரண்டு மூன்று தரம் உள்ளிருந்து தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் உள்ளே வேலை நின்றுவிட்டது. தொடும்போது மாப்பிசைந்த பதம் இருப்பது நல்லது. தண்ணீராகக் குலுங்கினாலும் மத்தளமாக ஊதியிருந்தாலும் கெட்டது.

அசையை எண்ணுங்கள். மத்தியானம் நிழலில் படுத்திருக்கிற மாடுகளில் பாதிக்குமேல் அசைபோட வேண்டும். ஒரு கவளம் மேலே வந்து, மறுபடி விழுங்கும் வரைக்கும் ஐம்பது அறுபது மெல்லு மெல்லும். நாற்பதுக்குக் கீழே என்றால் நார் பற்றாது, தவிடு கூடிவிட்டது. என் பேத்திக்கு எண்ணப் பழக்கியதே இப்படித்தான்.

சாணி மூன்றாவது. நல்ல சாணி விழும்போது ‘பொத்’தென்று சத்தம் வரும், இரண்டு விரல்கடை உயரத்தில் அப்பம்போல் அடுக்காக நிற்கும். நுரை, குமிழ், மஞ்சள் சாம்பல் நிறம், புளித்த மணம் கண்டால் அன்றே தவிட்டைப் பாதியாகக் குறையுங்கள். கட்டியாக உருண்டு விழுந்தால் தண்ணீரோ புரதமோ காணாது. ஐமிச்சம் வந்தால் ஒரு பழைய தேங்காய்ப்பால் வடியில் ஒரு கை சாணியைப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். (அந்த வடியைத் திரும்பக் குசினிக்குள் கொண்டுபோய் நான் வாங்கிக் கட்டினதைக் கேட்காதீர்கள்.) விரல் நகத்தை விட நீளமான நாரும் முழு நெல்லும் நிறையக் கிடந்தால், தின்ற தீன் செமிக்காமல் ஓடுகிறது. காசை எருக்குவியலில் கொட்டுகிறோம் என்று கருத்து.

நாலாவது, பால் சேகரிக்கும் இடத்தில் தருகிற துண்டு. கொழுப்பு வீதத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாரில் இருந்து வருகிற அசெற்றிக் அமிலம்தான் பால் கொழுப்புக்கு மூலம். பால் அளவு கூடி, கொழுப்பு 4.2 இல் இருந்து 3.2க்கு விழுந்தால் சந்தோசப்பட வேண்டாம். வயிறு புளிக்கத் தொடங்கிவிட்டது. மருமகனின் துண்டுகளைப் பிறகு எடுத்துப் பார்த்தோம். பொங்கலுக்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே கொழுப்பு இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. தவிடு மலிவாகக் கிடைத்ததென்று மூன்று சாக்கு வாங்கி அள்ளி வைத்திருக்கிறார். புக்கை கடைசி அடி மட்டுமே. “அதிலயும் நம்பர் கிடக்கெண்டு ஆருக்கு மாமி தெரியும்” என்றார். விலையை மட்டும் பார்த்துவிட்டுத் துண்டைக் கசக்கி எறிகிறவர்கள்தான் அதிகம்.

வைக்கல் மட்டும் தின்றால்

சோறு அதிகமாகப் போவது ஒரு பக்கம். எங்கள் பக்கத்து மாடுகளுக்குப் பெரும்பாலும் மறுபக்கத்து வருத்தம். ஆடி ஆவணி வெயிலில் புல் கருகிவிடும். உன்னிச்சைக் குளத்து வாய்க்கால் ஓரம் தவிரப் பச்சை காணமுடியாது. வைக்கல்தான் கதி. வைக்கலில் புரதம் மூன்று நாலு வீதத்துக்கு மேல் இல்லை. வயிற்றுப் பற்றீரியாக்கள் பெருக, தின்கிற தீனில் ஏழு வீதமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் பற்றீரியா பட்டினி. அது பட்டினி என்றால் நார் உடையாது. நார் உடையாவிட்டால் வயிறு காலியாகாது. காலியாகாத வயிற்றோடு மாடு தின்னாது. வயிறு முட்ட வைக்கல் இருக்க மாடு மெலிந்து சாவது இப்படித்தான்.

இதற்கு மருந்து யூரியா. யூரியாவை நாங்கள் தின்ன முடியாது, பற்றீரியா தின்னும். அதிலுள்ள நைதரசனை எடுத்துத் தன் உடம்பைக் கட்டும். ஆனால் நேரே தூவிக் கொடுப்பது கொலை. வைக்கலைப் பதப்படுத்த வேண்டும்.

வீட்டளவுக்கு: வைக்கல் 25 கிலோ, யூரியா 1 கிலோ, தண்ணீர் 25 லீற்றர். யூரியாவைத் தண்ணீரில் முழுவதும் கரைய விட்டுக் கிண்டுங்கள். நிழலான மேட்டில் கறுப்புப் பொலித்தீனை விரித்து வைக்கலை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, பூவாளியால் கரைசலைச் சரிசமமாகத் தெளித்து, காலால் நன்றாக மிதிக்க வேண்டும். மேலே அடுத்த அடுக்கு. எல்லாம் முடிய பொலித்தீனை மடித்துக் காற்றுப் புகாமல் மண்ணோ கல்லோ வைத்து அமத்துங்கள். குறைந்த வைக்கல் என்றால் பெரிய பொலித்தீன் உரப்பைக்குள் அடைத்துக் கட்டினாலும் சரி, ஓட்டை இருக்கக்கூடாது. இரண்டு முதல் மூன்று கிழமை தொடாதீர்கள். யூரியா உடைந்து அமோனியாவாகி வைக்கல் நாரை ஊறவைத்து இளக்கும். திறக்கும்போது வைக்கல் கடும் மஞ்சளாகி, கண் எரிகிற மணம் வரும். அதுதான் சரியான பதம். தினமும் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, ஒரு மணித்தியாலமாவது காற்றில் பரப்பி, மணம் தணியக் கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த பகுதியைப் பார்த்துப் பாராமல் எறியுங்கள்.

முதல் நாள் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பும். சாதாரண வைக்கலோடு கால்வாசி கலந்து தொடங்கி பத்து நாளில் முழுதாக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கரைசல் வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இதை மூன்று தரம் எழுத வேண்டும் போல இருக்கிறது. உப்புச் சுவைக்கு மாடு ஒரே இழுவையில் குடித்துவிடும். அரை மணிக்குள் நடுக்கம், வாயில் நுரை, வயிறூதல், பிறகு முடிந்தது. வைத்தியர் வரும் வரைக்கும் கையில் உள்ள ஒரே உதவி வினாகிரி. இரண்டு லீற்றருக்குக் குறையாமல், அதே அளவு குளிர்ந்த தண்ணீரோடு கலந்து பருக்க வேண்டும். யூரியா மூட்டை இருக்கிற வீட்டில் வினாகிரிப் போத்தலும் இருக்கட்டும்.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது வயலுக்கே யூரியா இல்லை, மாட்டுக்கு எங்கே போவது? அந்த வருடந்தான் நான் வேலியைத் திரும்பிப் பார்த்தேன்.

வேலியில் நிற்கிற புரதம்

கிளிசரிடியா எங்கள் பக்கம் வேலிக்கு வேலி நிற்கிறது. காய்ந்த நிறையில் புரதம் இருபது வீதத்துக்கு மேல். மணம் பிடிக்காமல் மாடு முதலில் ஒதுக்கும். காலையில் வெட்டிப் பின்னேரம் வரைக்கும் வாட விட்டு, கொஞ்சம் சீனிப்பாணி தெளித்தால் தின்னப் பழகிவிடும். மொத்தத் தீனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். வைக்கல் தின்கிற மாட்டுக்கு நாளைக்கு நாலைந்து கிலோ பச்சை இலை விழுந்தாலே சாணி மாறுவதை ஒரு கிழமையில் காண்பீர்கள். முருங்கை, முள்முருக்கு இலைகளும் நல்லவை.

இப்பில் இப்பில் மரத்து இலை மட்டும் கொஞ்சம் வில்லங்கம். அதில் மிமோசின் என்று ஒரு நஞ்சு. கூடத் தின்றால் வால் மயிர் உதிரும், மாடு மெலியும். இதைப் பற்றி மகள் சொன்ன கதையை நான் பட்டிக்காரர் எல்லாருக்கும் சொல்லுவேன். அவுஸ்திரேலியாவில் இதைத் தின்ற மாடுகள் வருத்தப்பட்டன. ஹவாய்த் தீவில் ஆடுகள் இதையே தின்று கொழுத்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அது ஆட்டின் திறமை இல்லை, வயிற்றுப் பற்றீரியாவின் திறமை என்று சந்தேகித்தார். 1980களில் ஹவாய் ஆட்டின் வயிற்றுப் பற்றீரியாவை அவுஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மாடுகள் தேறின. அந்தப் பற்றீரியாவுக்குப் பிறகு அவருடைய பேரையே சேர்த்து சினர்ஜிஸ்ரிஸ் ஜோன்சியை என்று பேர் வைத்தார்கள். உங்கள் மாட்டின் வயிற்றில் அது இருக்கிறதா என்று வாசலில் நின்று சொல்ல முடியாது. அதனால் இப்பில் இப்பிலை மற்ற இலையோடு கலந்து, கொஞ்சமாகவே கொடுங்கள்.

இந்தக் கதையைக் கேட்டபோது என் பாட்டி, பெத்தாவின் ஞாபகம் வந்தது. அசை நின்ற மாட்டுக்கு, அசைபோட்டுக்கொண்டிருக்கிற எருத்தின் வாயில் இருந்து கவளத்தைப் பறித்து, அந்த மாட்டின் வாய்க்குள் திணிப்பா. நாங்கள் சிரிப்போம். பெத்தா செய்தது பட்டி மாற்றம்.

சோறு தின்றுவிட்டால் செய்ய வேண்டியது

கண்ட உடனே மற்றத் தீனை எல்லாம் எடுத்துவிட்டு நல்ல காய்ந்த வைக்கலை மட்டும் முன்னால் போடுங்கள். மாட்டை நடத்துங்கள், படுக்க விடாதீர்கள். இருநூறு கிலோ மாட்டுக்கு 100 முதல் 150 கிராம் அப்பச்சோடாவை இரண்டு மூன்று லீற்றர் தண்ணீரில் கரைத்துப் பருக்கலாம். போத்தலைக் கடைவாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை வானத்துக்குத் தூக்கி நாக்கை இழுத்துப் பிடித்தால் மருந்து சுவாசப்பைக்குள் போய், சோறு கொல்லாத மாட்டை நாங்கள் கொன்றுவிடுவோம். மாடு படுத்துவிட்டாலோ கண் குழிந்தாலோ கைவைத்தியம் வேண்டாம், வைத்தியர் வந்தே ஆகவேண்டும். வயிறு ஊதிய மாடு வேறு கணக்கு: இருநூறு மில்லி தேங்காயெண்ணெய், முன்னங்கால் மேட்டில் நிற்க, வாயில் குறுக்கே ஒரு தடி கட்டினால் மென்று மென்று ஏப்பம் விடும். மூச்சுத் திணறினால் அதற்கும் வைத்தியர்தான்.

பிழைத்த பிறகுதான் பலர் கைவிடுகிறார்கள். புளித்த வயிற்றில் பழைய பட்டி அழிந்து போயிருக்கும், மாடு தின்னாது. வெள்ளச்சி நாலு நாளாகியும் அசைபோடவில்லை. வைத்தியர் சொல்லி, மருமகன் ஏறாவூரில் மாடு அறுக்கிற காக்கா ஒருவரைப் பிடித்தார். “காக்கா, வகுத்துத் தண்ணி கொஞ்சம் வேணும்” என்று கேட்க, அவர் சிரித்துவிட்டு, “இதுக்குக் காசு வாங்கினா அல்லாஹ் கேப்பான் தம்பி” என்று இலவசமாகக் கொடுத்தார். வைத்தியர் பார்த்து நோயில்லை என்ற மாட்டின் பெருவயிற்றில் இருந்து, அறுத்த சூட்டோடு, துணியால் பிழிந்த நீர். சுடுதண்ணிப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி மூடிக் கொண்டுவர வேண்டும். இந்தப் பற்றீரியாக்களுக்குக் காற்றுப் பட்டால் சாவு, குளிர் பட்டால் முடக்கம். மணித்தியாலக் கணக்கில் வைத்திருக்க ஏலாது. நாலு லீற்றரை வைத்தியர் குழாய் விட்டு உள்ளே இறக்கினார். மறுநாள் பின்னேரம் வெள்ளச்சி அசைபோட்டது. மருமகன் வீடியோ எடுத்து அனுப்பினார். மாடு மெல்லுகிற வீடியோவை நான் ஒன்பது தரம் பார்த்தேன்.

மனிதருக்குக் கொடுக்கிற அன்ரிபயோற்றிக் குளிசைகளை இடித்து மாட்டுக்குப் பருக்குகிறவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வாய்வழியாகப் போகிற அந்த மருந்து முதலில் கொல்வது வயிற்றுப் பட்டியைத்தான். ஊசியா குளிசையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

கன்றுக்கு

பிறந்த கன்றின் பெருவயிறு சின்னஞ்சிறிது. குடிக்கிற பால் அதற்குள் போகாமல் ஒரு வாய்க்கால் வழியாக நேரே நாலாம் வயிற்றுக்குப் போகும். முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கடும்புப் பால் (சீம்பால்) வயிறு நிறையக் கிடைக்க வேண்டும். அது நோயைத் தாங்கத்தான். பெருவயிற்றுக்கு உறை எங்கிருந்து வருகிறது? தாய் நக்குகிற நாக்கிலிருந்து, தொட்டியில் தாய் வைத்த மிச்சத்திலிருந்து. ஆகவே பாலைக் காப்பாற்ற வேண்டுமென்று கன்றைக் கண்காணாத மூலையில் கட்டாதீர்கள். இரண்டாம் கிழமையில் ஒரு பிடி இளம் புல்லும் கொஞ்சம் கன்றுத் தீனும் சுத்தமான தண்ணீரும் வையுங்கள். தின்பதை விடச் சிந்துவதுதான் அதிகம், பரவாயில்லை. மூன்று மாதத்தில் பெருவயிறு வேலைக்கு ஆயத்தமாகிவிடும். பாலை நிறுத்துவது அதன் பிறகு.

வெள்ளச்சி பிறகு ஈன்ற நாகு கன்றுக்கு இப்போது ஐந்து கிழமை. தாயின் அசைநுரை வழிந்த வைக்கலை உருவி மென்றுகொண்டு நிற்கிறது. மருமகனுக்கு அது அசிங்கமாகப் படுகிறது. “கழுவிக் குடுக்கட்டா மாமி?” என்று கேட்டார்.

வேண்டாம் மகன், அப்படியே விடுங்க என்றேன்.